முன்னால் நடப்பவர் யார்? – இளந்தம்பதியர் கேள்வி பதில்

திருமணமாகிச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ ஆன தம்பதியர், விடுமுறை நாட்களில் மலைக்கும் ஏரிக்கும் சேர்ந்து செல்வதைப் பற்றி எழுதிய கடிதங்களே இந்த முறை மிகுதியாக வந்திருக்கின்றன. நடுவில் ஒரு மாமியாரும் எழுதியிருக்கிறார். பெயர்களை நீக்கிவிட்டு, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

என் கணவர் கல்லூரிக் காலத்திலிருந்தே மலையேறுபவர். திருமணத்துக்கு முன் நான் ஏறிய பெரிய உயரம் எங்கள் ஊர் மலைக்கோட்டைதான். இப்போது என்னையும் அழைத்துச் செல்கிறார். அவர் வேகமாக முன்னே போய் ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பார், நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்ததும் “போகலாமா?” என்று எழுந்துவிடுவார். எனக்கு இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்று தோன்றுகிறது. என்னிடம்தான் குறையா?
– வாசகி, திருச்சி

உங்களிடம் குறை இல்லை. நடக்கும் வரிசையில்தான் குறை இருக்கிறது. அவர் பாறைக்குப் பாறை ஓய்வெடுத்துக்கொண்டே ஏறுகிறார், நீங்களோ ஒரு நிமிடமும் உட்காராமல் ஏறுகிறீர்கள். இருவரில் வலுக் குறைந்தவருக்கு ஓய்வும் குறைவாகக் கிடைக்கும் இந்த ஏற்பாட்டில் யாருக்குத்தான் மலை பிடிக்கும்? மெதுவாக நடப்பவர் முன்னாலும் வேகமாக நடப்பவர் பின்னாலும் வர வேண்டும் என்பது அனுபவமுள்ள வழிகாட்டிகள் கடைப்பிடிக்கும் முறை. அடுத்த முறை நீங்களே முன்னால் நடங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உங்களுக்கு ஏற்ற வேகம். பேச்சு நடுவில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். தண்ணீர், உணவு, மழைக்கோட்டு ஆகியவை கொண்ட கனமான பையை அவர் சுமக்கட்டும். அது பெருந்தன்மைக்காகச் சொல்வதன்று, இருவருடைய வேகமும் தானாக நெருங்கி வரும் என்பதற்காகச் சொல்வது.

இறங்கும்போது நிலைமை மாறும். ஏற்றம் மூச்சைச் சோதிப்பதுபோல் இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். காலணியின் முனையில் விரல்கள் இடிக்காத அளவுக்கு இடமில்லையென்றால், மாலைக்குள் பெருவிரல் நகம் கறுத்துவிடும். ஆகவே காலணியை, கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடைக்கு அணியும் காலுறையுடனே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தின் இன்னொரு வரியில், எங்கே கால் வைப்பது, எப்படி மூச்சு விடுவது என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ ஆசிரியராவதை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. வழிகாட்டி சொன்னால் யோசனையாகக் கேட்கும் அதே சொல், வீட்டுக்காரர் சொன்னால் குற்றச்சாட்டாகக் கேட்கும். வழிகாட்டியோடு செல்லும் நடைகளில் சேர்ந்து, கற்றுத்தரும் வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள். இதற்குப் பிறகும் மலை பிடிக்கவில்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். மாதத்தில் ஒரு நாள் அவர் நண்பர்களோடு மலைக்குப் போகட்டும். நீங்கள் இருவரும், இருவருமே புதிதாகத் தொடங்க வேண்டிய வேறொரு பொழுதுபோக்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் பத்தாண்டு முன்னே நிற்கும் துறையைவிட, இருவரும் சேர்ந்து தப்பும் தவறுமாகத் தொடங்கும் துறையில்தான் சண்டை குறைவாக இருக்கிறது என்பது எனக்கு வரும் கடிதங்களிலிருந்து தெரிகிறது.

நானும் மனைவியும் காட்டுப் பாதைகளில் நடக்க விரும்புகிறோம். “அனுமதியெல்லாம் எதற்கு, உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்தால் போதும்” என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?
– வாசகர், திருப்பூர்

உண்மையன்று, சட்டப்படி தவறும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றிருந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு, அதே ஆண்டில், காட்டுப் பகுதிகளில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. தீ சமதளத்தைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். காய்ந்த புல் நிறைந்த சரிவில் மேலே ஏறித் தப்பிக்க முயல்பவரைத் தீ முந்திவிடும். அந்த இடத்தில் எந்தப் பக்கம் ஒதுங்குவது, எந்தப் பாறைவெளி பாதுகாப்பானது, இந்த மாதத்தில் அந்த வழியில் போகலாமா கூடாதா என்பதெல்லாம் அந்தக் காட்டை அறிந்தவருக்கே தெரியும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையவழிப் பதிவையும் தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்ட இப்பாதைகளில், பயிற்சி பெற்ற பழங்குடியினரும் மலையடிவாரக் கிராமத்தவரும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அவர்களைச் சேர்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள கோடைத் தொடக்கத்தில் பாதைகள் மூடப்படும். பெருமழைக் காலத்திலும் மூடப்படலாம். விடுமுறைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் நடைக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையைச் சொல்வேன். ஏற்றம் பெரிதில்லை, கற்கால மனிதர்கள் ஒதுங்கிய பாறைக் குகையைக் காணலாம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியும் பலர் தேர்ந்தெடுக்கும் இடம்தான். ஆனால் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை முதலில் இறங்கி, அருவியில் குளித்துக் களைத்த பிறகே ஏற வேண்டும். போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கும் ஜோடிகள் திரும்பும்போது ஒருவரோடொருவர் பேசாமல் ஏறுவதை அங்கே தாராளமாகக் காணலாம்.

நாங்கள் இருவரும் அலுவலகம் செல்பவர்கள். பறவை பார்க்கும் பழக்கத்தைத் தொடங்க ஆசை. ஒரு பைனாகுலர் வாங்கத்தான் இப்போது வசதி. எதை வாங்குவது, எங்கே தொடங்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

கடையில் 8×42 என்று கேளுங்கள். 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். விடியற்காலை மங்கலிலும் காட்சி தெளிவாக இருக்க இது உதவும். பத்து மடங்கு, இருபது மடங்கு பெருக்கிக் காட்டுவது சிறந்தது என்று கடைக்காரர் சொன்னால் மயங்காதீர்கள். பெருக்கம் கூடக்கூடக் கைநடுக்கமும் பெருகித் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும்.

ஒரே பைனாகுலர் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒருவர் பார்த்து அலகின் நிறம், வாலின் நீளம், உட்கார்ந்திருக்கும் விதம் ஆகியவற்றைச் சொல்ல, மற்றவர் அதைக் குறிப்பேட்டில் எழுதட்டும்; அரை மணிக்கு ஒரு முறை கை மாற்றிக்கொள்ளுங்கள். பார்ப்பதைச் சொல்லாக்க வேண்டியிருப்பதால் பார்வை கூர்மையாகும். இரண்டு பைனாகுலர் வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்பதையும் கண்டிருக்கிறேன்.

தொடக்கம் உங்கள் தெருவிலேயே ஆகட்டும். தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து, தேன்சிட்டு, தையல்சிட்டு, மீன்கொத்தி ஆகியவற்றைத் தயக்கமில்லாமல் அடையாளம் சொல்ல முடிந்த பிறகு ஏரிக்குப் போனால் குழப்பம் பாதியாகக் குறையும். உங்களுக்கு எட்டும் தொலைவில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் காணலாம். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த ஊர் மக்கள், வனச் சட்டங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பறவைகளைக் காத்துவந்த ஊர் அது. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா என்று கூட்டம் கூட்டமாக அங்கே பார்க்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை, காலையிலோ மாலையிலோ செல்லுங்கள்.

பார்த்ததைப் பதிவுசெய்ய ‘ஈபேர்டு’ என்னும் இலவசச் செயலி இருக்கிறது. ஒருவர் பதிந்த பட்டியலை உடன் வந்தவரின் கணக்குக்கும் பகிரலாம் என்பதால் யார் பதிவது என்ற வழக்கு எழாது. ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் ‘மெர்லின்’ செயலியை நம்பலாம், ஆனால் கண்ணால் பார்க்காமல் அது சொன்னதையெல்லாம் பட்டியலில் சேர்க்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பதும் கூடாது. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததைப் பதிந்தால் போதும். மாட்டுப்பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனாலும் கொல்லைப்புறத்திலிருந்தே கலந்துகொள்ளலாம்.

பறவை அறிஞர் சாலிம் அலியும் தெஹ்மினாவும் 1918இல் மணந்தவர்கள். 1930களில் அவர் ஐதராபாத், திருவிதாங்கூர் சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது தெஹ்மினாவும் உடன் சென்று கூடார வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்டார். 1939இல் அவர் இறந்த பிறகு சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு முன்னர் ஒரு சமயம், வேலை இல்லாமல் மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் கடற்கரையில் மனைவியின் குடும்ப வீட்டில் தங்கியிருந்த நாட்களில்தான், தூக்கணாங்குருவியில் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளைக் கட்டி ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டைகளைக் குடியமர்த்துவதை அவர் கண்டறிந்தார். (பறவையிடமிருந்து எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.)

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கே என் மகனும் மருமகளும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எங்கே போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரிவதில்லை. குழந்தை பெற வேண்டிய வயதில் மலையேறினால் மருமகளின் கருப்பைக்குக் கெடுதல் வராதா?
– வாசகி, கும்பகோணம்

அம்மா, உடல்நலமுள்ள பெண் நடப்பதாலோ மலையேறுவதாலோ கருப்பை இடம் பெயர்வதில்லை. கருத்தரிப்பதற்கும் அது தடையில்லை. கரு உண்டான பிறகு எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார். அதுவரை இந்தக் கவலை வேண்டாம். அந்தக் கேள்வியை மருமகளிடம் கேட்கவும் வேண்டாம்.

ஆனால் எங்கே போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரிய வேண்டும் என்கிறீர்களே, அது முழுக்க நியாயம். காட்டில் பெரும்பாலும் கைபேசி அலைவரிசை கிடைப்பதில்லை. போகும் பாதை, உடன் வருபவர்கள், வழிகாட்டியின் எண், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் விட்டுச் செல்வது மலையேறுபவர்களின் பாதுகாப்பு முறைகளில் முதன்மையானது. உங்கள் மகன் அதைச் செய்யாமல் கிளம்புவது தவறு. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் பையின் மேல் வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஒரு நாள் கரைவெட்டிக்கு உங்களையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள், ஏரிக்கரையில் ஏற்றமில்லை.

நடைப்பயணத்தில் கழிப்பறை இல்லாததாலும் மாதவிடாய் நாட்களை நினைத்தும் தயங்குகிறேன். கணவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, பொள்ளாச்சி

முதலில் அவரிடம் சொல்லுங்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைத் திட்டமிடுபவருக்கு இது தெரியாமல் இருந்தால் திட்டம் அரைகுறைதான். சிறுநீர் கழிக்க இடமிருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண்கள் பலர். நீரிழப்பும் சிறுநீர்த் தொற்றும் அதனால்தான் வருகின்றன. பாதையிலிருந்தும் நீரோடையிலிருந்தும் 60 மீட்டராவது விலகிச் செல்லுங்கள். காட்டுக்குள் வழிகாட்டியிடம் கேட்காமல் தனியே விலகாதீர்கள். பயன்படுத்திய நாப்கினைப் புதைக்காமல், இரண்டு உறையில் சுற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாதவிடாய்க் கப் வசதியானதுதான், ஆனால் வீட்டில் சில மாதங்கள் பழகிய பிறகே பயணத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

முதலாம் ஆண்டு மணநாளுக்கு, மனைவிக்குத் தெரியாமல் உத்தராகண்டில் உள்ள கேதார்கந்தா மலைப் பயணத்துக்குப் பதிவுசெய்து வியப்பில் ஆழ்த்த நினைக்கிறேன். டிசம்பரில் பயணம். யோசனை சொல்லுங்கள்.
– வாசகர், சிவகாசி

ரகசியமாகச் செய்யாதீர்கள் என்பதே என் யோசனை. கேதார்கந்தா உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மிக உயர்ந்த தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். 2,500 மீட்டருக்கு மேல் போனால் உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை என்று அது தொடங்கும். உடற்பயிற்சி செய்பவர், செய்யாதவர், ஆண், பெண் என்று அது பார்ப்பதில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். பயண ஏற்பாட்டாளரின் அட்டவணை அதற்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். நடை தள்ளாடினாலோ பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ விடியும்வரை காத்திராமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

இளந்தம்பதியரிடம் இதில் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. அவர் ஆசையாக ஏற்பாடு செய்ததைக் கெடுக்கக் கூடாது என்று ஒருவர் தலைவலியை மறைப்பார். பரிசாகக் கொடுக்கப்பட்ட பயணத்தில் அந்தக் கட்டாயம் இன்னும் கூடும். ஆகவே ஒருவர் இறங்க நேர்ந்தால் மற்றவரும் இறங்குவது என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள்; உச்சியில் எடுக்க நினைத்த புகைப்படத்தை அந்தப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள். உயர நோய்க்கான மாத்திரை வேண்டுமா என்பதை இருவரும் மருத்துவரிடம் கேளுங்கள். பனியில் நடக்க இரண்டு மாதமாவது முன்பயிற்சி வேண்டும். மனைவியிடம் இந்த வாரமே சொல்லிவிட்டு, நாளை காலையிலிருந்து இருவரும் மாடிப்படி ஏறத் தொடங்குங்கள். வியப்பில் ஆழ்த்தியே தீர வேண்டுமென்றால், அவருக்கு நல்ல கம்பளிக் கையுறை ஒன்றை ரகசியமாக வாங்கி வைத்திருங்கள்.