தலையாட்டும் டீம்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பயிற்சியில் 'புரிஞ்சுதா?' என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தப்பு நடந்ததோ சரக்கு திரும்பி வந்த பிறகுதான் தெரிகிறது. என்ன செய்ய?

பதில்: அப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? மெஷினைக் காட்டி 'நீ செஞ்சு காட்டு' என்று சொல்லிப் பாருங்கள். தப்பை மறைப்பது பெரும்பாலும் திட்டுக்குப் பயந்துதான். 1990-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் பயமில்லாமல் வெளியே சொன்னதுதான் காரணம் என்பது அவர் விளக்கம். ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம், இன்று எது சொதப்பியது என்று நின்றபடியே பேசுங்கள், யார் என்று மட்டும் கேட்காதீர்கள். முதலில் வாய் திறப்பவரைத் திட்டினீர்களோ, அவ்வளவுதான், அப்புறம் ஒருத்தரும் பேச மாட்டார்கள். (முதலாளி காதிலும் இதைப் போட்டு வையுங்கள்.)