ஸ்கோப்பில் ஒன்றுமில்லை, பிறகேன் இந்த வலி?

கேள்வி: எனக்கு 34 வயது. தினமும் விடியற்காலை பஸ்ஸில் கந்தளாய்க்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலும் கடும் வயிற்றோட்டமும் வந்து ஒரு கிழமை படுக்கையில் கிடந்தேன். அன்றிலிருந்து பாணும் பருப்பும் பால் தேத்தண்ணியும் முடித்த கையோடு மூன்று தரமாவது கழிப்பறைக்கு ஓடவேண்டியிருக்கிறது. அடிவயிறு முறுக்கும், போய்வந்தால் குறையும். ஸ்கோப், இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாம். "ஐ.பி.எஸ்.தான் (எரிச்சலுறு குடல் நோய்), ஒன்றுமில்லை, யோசிக்காதீங்க" என்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: ஸ்கோப் என்பது குடலுக்குள் விடும் கமெராக் குழாய், அது குடலின் உட்சுவரைக் காட்டும். அந்தச் சுவரிலுள்ள நரம்புகள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றன என்பது அதில் தெரியாது. 1973இல் ரிச்சி என்ற ஆய்வாளர் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து 60 மில்லிலீற்றர் காற்று நிரப்பிப் பார்த்தார். சுகதேகிகளில் 6 சதவீதத்தினருக்கு வலித்தது, ஐ.பி.எஸ். உள்ளவர்களில் 55 சதவீதத்தினருக்கு. ஆகவே உங்கள் வலி நிசமானது. "ஒன்றுமில்லை" என்பதற்குப் பதில் "புண்ணோ கட்டியோ இல்லை" என்று சொல்லியிருக்கலாம்.

அந்தக் காய்ச்சலை நீங்கள் எழுதியது நல்லது. குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படித் தொடரும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் 2021இல் ஒரு காரணத்தைக் காட்டினார்கள். தொற்றின்போது குடலில் இருந்த உணவையும் நோயெதிர்ப்புத் தொகுதி எதிரியாகக் குறித்துவைக்கலாம். பிறகு அதையே சாப்பிட்டால் குடற்சுவரில் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் சுரந்து நரம்பைச் சீண்டும். இது முதலில் எலிகளில் தெரிந்தது. பிறகு கோதுமை, பால், சோயா போன்றவற்றின் கரைசலை மலக்குடற் சுவரில் ஏற்றியபோது 12 நோயாளிகளுமே எதிர்வினை காட்டினார்கள். சுகதேகிகள் எட்டுப் பேரில் இருவர் மட்டுமே. இந்த எதிர்வினை அந்த இடத்தோடு நிற்பது, இரத்தத்தில் பிடிபடாது. உணவு ஒவ்வாமைக்கென்று விலைகூடிய இரத்தப் பரிசோதனைகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

காலையில் ஏன்? வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் உள்ளது. காலையில் அது வலுவாக இருக்கும். தேத்தண்ணியின் கஃபீனும் சேர்ந்து தூண்டும். பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே சாப்பிட்டுவிட்டால் அந்த அலை வீட்டிலேயே அடங்க இடமிருக்கும்.

சாப்பாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காரத்தையல்ல, வெங்காயம், உள்ளி, கோதுமை மூன்றையும். இவற்றிலுள்ள ஃபிரக்டான் என்ற சர்க்கரை வகை சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பக்டீரியா அதை நொதிக்கவைத்து வாயுவாக்கும். பருப்பிலும் இதே வேலையைச் செய்யும் சர்க்கரைகள் உண்டு. பால்மாவில் லக்டோஸ் என்ற பாற்சர்க்கரை. உங்கள் காலைச் சாப்பாட்டில் இவை ஒன்றாகக் கூடியிருக்கின்றன.

நான்கு கிழமைக்குப் பாணை விட்டு அரிசிமாப் பிட்டு அல்லது இடியப்பம், பால் இல்லாத தேத்தண்ணி. சம்பலுக்கு வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. உள்ளி மணம் வேண்டுமென்றால் முழுப் பற்களை எண்ணெயில் வதக்கி, பற்களை எடுத்தெறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். சொதியில் உள்ளியைப் போட்டுப் பிறகு பொறுக்கியெடுப்பதால் பயனில்லை. அந்த எண்ணெயை அன்றன்றே முடியுங்கள், வெளியில் வைத்தால் நஞ்சாகலாம்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். குணம் தெரிந்ததும் எல்லாவற்றையும் ஆயுளுக்கும் ஒதுக்கி மெலிந்துபோகிறார்கள். அப்படி வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், மூன்று நாள் அளவைக் கூட்டிக்கூட்டித் திரும்பச் சேருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தரம் போனீர்கள், வலி எப்படி என்று கொப்பியில் குறியுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் குற்றவாளியாக அகப்படும். நான்கு கிழமையில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிடுங்கள்.

நார்ச்சத்துக்குத் தவிடு வேண்டாம், வாயுவைக் கூட்டும். இசப்கோல் என்ற விதை உமி ஒரு தேக்கரண்டியில் தொடங்கலாம், ஒரு கிளாஸ் தண்ணீரோடு. முறுக்கு வலிக்கு மெபெவெரின் என்ற மருந்து உங்களுக்குச் சரிவருமா என்று டொக்டரிடம் கேளுங்கள். லோபெரமைட் என்ற மருந்து வயிற்றோட்டத்தை நிறுத்தும், வலியைப் பெரிதாகக் குறைக்காது. காய்ச்சலோ இரத்தமோ இருக்கும்போது அதைத் தொடக்கூடாது.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் நிறை குறைதல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், இரத்தசோகை – இதில் ஒன்று வந்தாலும் பழைய ஸ்கோப் அறிக்கையை நம்பி இருக்காமல் கிளினிக்குக்குப் போய்த் திரும்பக் காட்டுங்கள்.