மன்னார்ச் சங்கு நாச்சிக்குடாவுக்கு வருமா?

நாச்சிக்குடாவில் சங்கு குளிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் சங்கு நன்றாகக் குறைந்துவிட்டது. இரண்டு வருடம் குளிக்காமல் விட்டால் மன்னாரிலிருந்து குஞ்சுகள் நீரோட்டத்தில் வந்து சேரும் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். இரண்டு இடத்துச் சங்கின் மரபணுவும் ஒன்றுதானாம். நம்பலாமா?"

குளிக்காமல் விடுவது நல்ல முடிவு. ஆனால் மன்னாரை நம்பி விடாதீர்கள்.

இந்த நம்பிக்கை முத்துச் சிப்பியைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் வருடக்கணக்காக வெறுமையாய்க் கிடந்த பார்களில் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில்) திடீரென்று சிப்பி நிறைந்திருக்கிறது. சிப்பியின் குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் நீரில் மிதந்து திரியும். நீரோட்டம் கொண்டுபோன இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சங்கின் வழி வேறு. சங்குப்பூவை நீங்கள் எத்தனையோ தரம் பார்த்திருப்பீர்கள், ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கிக்கொண்டு, அடிப்பக்கம் மண்ணில் புதைந்து நிற்குமே, அதுதான் தாய்ச்சங்கு இட்ட முட்டைக்கூடு. அதன் அறைகளுக்குள்ளேயே குஞ்சு வளர்ந்து, ஓட்டோடு வெளியே வந்து, அந்த மண்ணிலேயே ஊரத் தொடங்கும். மிதக்கும் பருவம் என்று ஒன்று கிடையாது. வாடைக் காற்றோ சோளகக் காற்றோ, அள்ளிக்கொண்டுபோக நீரில் எதுவும் இல்லை.

அப்படியானால் மரபணு எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் தவறி விடுகிறார்கள். ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு உயிர்கள் இடம் மாறிக் கலந்தாலே இரண்டு கூட்டங்களின் மரபணு பெரிதாகப் பிரிந்துபோகாது. இதை மரபியல் அறிஞர் சீவல் ரைட் 1931இலேயே கணக்காகக் காட்டினார். புயலில் பெயர்ந்த ஒரு சங்குப்பூ வேறு நிலத்தில் போய் ஒதுங்கினால் அந்தக் கணக்குக்குப் போதும். உங்கள் வள்ளத்துக்குப் போதுமா? வெறுமையான நிலம் நிறைய ஆயிரக்கணக்கில் குஞ்சு வேண்டும். ஆகவே மரபணு ஒன்று என்ற சோதனை முடிவு கையில் இருந்தாலும், அது பழைய உறவைத்தான் சொல்கிறது. அடுத்த வருடம் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லாது.

பிரித்தானியக் கரையில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். அங்கே பாறைகளில் வாழும் நியூசெல்லா என்ற நத்தையும் கூட்டில் முட்டையிட்டு, ஊரும் குஞ்சுகளையே வெளிவிடும். படகின் அடியில் பூசிய ட்ரைபியூட்டைல்டின் நஞ்சால் அது பல இடங்களில் அழிந்தது. 1987இல் சிறு படகுகளுக்கு அந்தப் பூச்சைத் தடைசெய்தும், அடியோடு அழிந்த இடங்களுக்கு நத்தை மிக மெதுவாகத்தான் திரும்பியது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், மிஞ்சியிருக்கும் தாய்ச்சங்கைக் காப்பாற்றுங்கள். நிலத்தை நிரப்பப் போவது அவைதான். சங்கில் ஆண் வேறு, பெண் வேறு. ஊர்ந்து போய்ச் சந்தித்தால்தான் இணை சேரும். எனவே அளவு குறைந்த சங்கைத் திருப்பிப் போடும்போது கரைக்கு வரும் வழியில் ஒவ்வொன்றாக எறியாமல், எடுத்த நிலத்திலேயே கிட்டக் கிட்ட விடுங்கள். வலையில் சங்குப்பூ வந்தால் வெயிலில் காயவிடாமல் உடனே அதே இடத்தில் போடுங்கள். எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்; எந்த மாதங்களில் குளிப்பதை நிறுத்துவது என்று சங்கத்தில் பேசும்போது அந்தக் கொப்பிதான் கைகொடுக்கும். இழுவைமடி அந்தக் கூடுகளை அடியோடு பெயர்த்துவிடும். அது வந்து போகும் நிலத்தில் குளிப்பை மட்டும் நிறுத்திப் பெரிய பலன் இராது.

நிலம் முற்றாக வெறுமையாகிவிட்டால் வேறு இடத்துச் சங்கைக் கொண்டுவந்து விடலாம்தான். கடற்றொழில் திணைக்களத்திடம் கேட்டுவிட்டு, மன்னார் வரை போகாமல், உங்களுக்கு மிகக் கிட்டிய, அதே மாதிரி மண்ணும் ஆழமும் உள்ள நிலத்திலிருந்து எடுங்கள்.