டிரைசூட் போட்டு முங்க எந்த ஃபின் வாங்கலாம்?

குளச்சலில் சிப்பி எடுக்க முங்கும்போது போடுகிற அதே ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) நார்வேயில் டிரைசூட்டுக்கும் (தண்ணீர் உள்ளே புகாத முங்கு உடை) ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. அது வெறுங்காலுக்கு அளவெடுத்தது. டிரைசூட்டின் பூட்ஸும் உள்ளே போடும் கம்பளிக் காலுறையும் சேர்ந்தால் பாதம் ரெண்டு சைஸ் பெருத்துவிடும். அதனால் குதிகால் திறந்த, பின்னால் பட்டை உள்ள ஃபின்தான் வேண்டும். கடைக்கு அந்த பூட்ஸையே எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள், செருப்பு சைஸைச் சொல்லி வாங்காதீர்கள்.

அடுத்தது எடை. டிரைசூட்டுக்குள் இருக்கும் காற்று கால் பக்கம் ஓடினால் கால் மேலேயும் தலை கீழேயுமாகப் புரண்டுவிடுவீர்கள், முதல் தடவை எனக்கும் அப்படித்தான் ஆனது, சிரிப்பாக இல்லை. நீரில் மூழ்குகிற கனமான ரப்பர் ஃபின் (ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின் மாதிரி) காலைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடிக்கும். ஆனால் காற்றை வெளியேற்றப் பழகுவதற்கு அது மாற்று இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே கால் தாழ்கிறது என்றால் லேசானதே போதும்.

அப்புறம், பட்டை ஸ்பிரிங்காக இருக்கட்டும். தடித்த கையுறையோடு, விறைத்த விரலால் பக்கிளை இறுக்கிப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.