தண்ணியே படாத ஸ்டீல் துரு பிடிக்கறது எப்படி?

கேள்வி அனுப்பினவர் சின்னதா ஒரு மெஷின் ஷாப் நடத்தறார். மைல்ட் ஸ்டீல் ஷாஃப்ட் கிரைண்ட் பண்ணி, ஏசி போட்ட இன்ஸ்பெக்‌ஷன் ரூம்ல அளவு பாத்து, வெளிய கொண்டுவந்து தின்னர்ல துடைச்சு, ஏர் அடிச்சு, பாலித்தீன் கவர்ல போட்டு ஒட்டி மரப்பெட்டியில அடுக்கி வெக்கறாங்க. பத்து நாள் கழிச்சு திறந்தா அங்கங்க துரு, அதுலயும் பாதி பீஸ்ல விரல் ரேகையை அச்சு எடுத்த மாதிரியே பழுப்பு கோடு. "கவருக்குள்ள ஒரு சொட்டு தண்ணி இல்ல, மழை படல, ரூம் பூட்டியே இருந்துச்சு, அப்ப ஈரம் எங்கேருந்து வந்துச்சு? ஆயில் தடவக்கூடாதுன்னு கஸ்டமர் கண்டிஷன், வேற என்ன வழி?"ன்னு கேக்கறார்.

உங்க லெட்டரைப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. பீஸ் நல்லா இருக்கணும்னு நினைச்சு நீங்க செய்யற வேலை ஒவ்வொண்ணும் காத்துல இருக்கற ஈரத்தைக் கூட்டிட்டு வந்து அந்த ஸ்டீல் மேல உக்கார வெக்குது. எல்லாரும் ரூம்ல ஹியூமிடிட்டி (அந்தச் சூட்டுல காத்தால அதிகபட்சம் தாங்க முடியற நீராவியில எத்தனை சதவீதம் இருக்குங்கற கணக்கு) எவ்வளவுன்னு மீட்டரைப் பாக்கறாங்க, ஆனா காத்துல இருக்கற நீராவி ரூம் மீட்டரைப் பாத்து முடிவு பண்றதில்ல, தான் தொடற மெட்டல் எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு, அது மேல என்ன அழுக்கு இருக்குன்னு பாத்துதான் அங்க தங்கறதா போறதான்னு முடிவு பண்ணுது.

முதல்ல அந்த ஏசி ரூமைப் பாப்போம், பெரிய வில்லன் அதுதான். அளவு பாக்கற ரூம்னா 20 டிகிரிதான், உலகம் பூரா அளவுக்கு ஸ்டாண்டர்டு டெம்பரேச்சர் அதுதான், அதுல தப்பு இல்ல. பீஸ் பூரா 20 டிகிரிக்கு வந்து செட்டில் ஆகி இருக்கும். அதை அப்படியே தூக்கிட்டு ஷாப் ஃப்ளோருக்கு வர்றீங்க, அங்க காத்து 30 டிகிரி, ஹியூமிடிட்டி 70 சதவீதம்னு வெச்சுக்குவோம். அந்தக் காத்துல ஒரு கன மீட்டருக்கு சுமார் 21 கிராம் நீராவி இருக்கு. 20 டிகிரி காத்தால அதிகபட்சம் 17 கிராம் சொச்சம்தான் தாங்க முடியும். அப்ப ஷாஃப்ட்டை ஒட்டி நிக்கற காத்து குளிர்ந்ததும் மிச்ச ஈரத்தை எங்கயாவது இறக்கி வெச்சாகணும், இறக்கற இடம் உங்க ஷாஃப்ட். அந்தக் காத்தோட பனிநிலை, டியூ பாயின்ட்னு சொல்லுவாங்களே, அது கிட்டத்தட்ட 24 டிகிரி. மெட்டல் அதுக்குக் கீழ இருக்கற வரைக்கும் வேர்த்துக்கிட்டேதான் இருக்கும். ஏசி ரூம்லேருந்து வெளிய வந்தா மூக்குக்கண்ணாடி மங்குமே, அதேதான், ஆனா கண்ணாடி மெல்லிசு, ரெண்டு நிமிஷத்துல சூடாகி தெளிஞ்சுடும், அஞ்சு கிலோ ஷாஃப்ட்டு அப்படி இல்ல, ரொம்ப நேரம் ஜில்லுன்னே இருக்கும். கிரைண்ட் பண்ண பளபளப்பு லேசா மங்கின மாதிரி தெரியும், அவ்வளவுதான், அதை ஈரம்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அந்த மங்கலோடவே கவருக்குள்ள போட்டு ஒட்டிடறீங்க.

இதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள், காசும் ஆகாது. வெளிய கொண்டுவந்து பேக் பண்றதை விட்டுட்டு ஏசி ரூம்லயே பேக் பண்ணி ஒட்டிட்டு வெளிய கொண்டு வாங்க. அந்த ரூம் காத்து 20 டிகிரி, 50 சதவீதம்னா அதுல கன மீட்டருக்கு 9 கிராம்கூட ஈரம் இல்ல. அந்தக் காத்தோட கவரை மூடி வெளிய வந்து 30 டிகிரிக்கு சூடானா உள்ள ஹியூமிடிட்டி 28 சதவீதம் பக்கத்துல வந்து நிக்கும், தானாவே. வெளிய வந்ததும் கவரோட வெளிப்பக்கம் வேர்க்கும், வேர்க்கட்டும், துடைச்சு விட்டுட்டு போங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, பீஸ் ஷாப் டெம்பரேச்சருக்கு வர்ற வரைக்கும் எந்தக் காரணத்துக்காகவும் கவரைத் திறக்காதீங்க. பெயின்ட் அடிக்கறவங்க கிட்ட ஒரு கணக்கு இருக்கு, மெட்டல் எப்பவும் பனிநிலையை விட குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும்னு, அந்தக் கணக்கையே நீங்களும் எடுத்துக்கலாம். ஒரு சாதாரண ஹைக்ரோமீட்டரும் மெட்டல்ல ஒட்டவெச்சு பாக்கற தெர்மாமீட்டரும் இருந்தா போதும். (லேசர் புள்ளி அடிச்சு பாக்கற தெர்மாமீட்டர் பளபளப்பான ஸ்டீல்ல பொய் சொல்லும், அதை நம்பாதீங்க.)

அடுத்தது தின்னர். தின்னர் ஆவியாகும்போது அதுக்கு வேண்டிய சூட்டை மெட்டல்லேருந்துதான் எடுத்துக்குது, அதனால துடைச்ச இடம் சட்டுனு ஜில்லாயிடும், கையில ஊத்திப் பாத்தாலே தெரியும். ஏற்கனவே குளிர்ந்த பீஸை இன்னும் குளிர வெச்சு ஈரத்தை வா வான்னு கூப்பிடறது இதுதான். லாக்கர்ங்கற பளபளப்புப் பூச்சு அடிக்கறவங்க ஈரமான நாள்ல வெள்ளை பூத்துப் போச்சுன்னு புலம்புவாங்களே, அங்கயும் இதே கதைதான்.

ஆனா தின்னர்ல இதை விட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு, அதான் உங்க விரல் ரேகை. வேர்வையில எண்ணெய்ப் பசையும் இருக்கு, உப்பும் இருக்கு, லாக்டிக் ஆசிட் மாதிரி சமாச்சாரமும் இருக்கு. தின்னர் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்பு கரைய தண்ணி வேணும், இல்ல மெத்தனால் மாதிரி ஒண்ணு வேணும். அதனால தின்னர் போட்டு துடைச்சா பீஸ் பாக்க பளிச்சுனு இருக்கும், உப்பு அப்படியே கிடக்கும், ஒரு இடத்துல இருந்தது துணியோட நாலு இடத்துக்கு தேய்ஞ்சிருந்தாலும் இருக்கும். சாதாரண உப்புக்கு ஒரு குணம், சுத்தி இருக்கற ஹியூமிடிட்டி 75 சதவீதத்தை தாண்டினா அது காத்துலேருந்தே நீராவியை இழுத்து தானே கரைஞ்சு உப்புத் தண்ணியா ஆயிடும், பனிநிலை வரைக்கும் போகவே வேண்டாம். மெக்னீசியம் குளோரைடு மாதிரி உப்புன்னா 33 சதவீதத்துலயே கரைய ஆரம்பிச்சிடும். வேர்வையில இருக்கறது ஒரே ஒரு உப்பு இல்லங்கறதால 75க்கு கீழயும் நிம்மதியா இருக்க முடியாது. துருப் பிடிச்ச ஒரு பீஸை எடுத்து பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க, ரேகையோட மேடு பட்ட கோடு முழுக்க குட்டிக் குட்டி புள்ளியா துரு வரிசையா நிக்கும், பள்ளம் விழுந்த இடைவெளி இன்னும் பளபளன்னு இருக்கும். தண்ணி மேலேருந்து சொட்டியிருந்தா இந்த மாதிரி கோடு போட்டு வராது.

அப்ப சுத்தமான ஸ்டீல்னா தப்பிச்சுக்குமா? ஓரளவுக்கு. காஞ்சு போயிருக்குன்னு நாம சொல்ற எந்த மெட்டல் மேலயும் சில மூலக்கூறு தடிமனுக்கு தண்ணி எப்பவும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு, அது துருப்பிடிக்க வெக்கற அளவுக்கு பத்தாது. ஹியூமிடிட்டி ஏற ஏற அந்த அடுக்கும் ஏறும். 1930கள்ல வெர்னான்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி இரும்பை வெவ்வேற ஈரத்துல வெச்சு எடை போட்டுப் பாத்தார், அழுக்கோ கந்தக வாயுவோ கொஞ்சம் இருந்தா 60 சதவீதம் பக்கத்துல துரு திடீர்னு எகிறுதுன்னு கண்டார், சுத்தமான காத்துல அவ்வளவு சீக்கிரம் ஏறல. இன்னைக்கும் ஸ்டோர் ரூமை 50க்கு கீழ வைங்கன்னு சொல்றது இந்த மாதிரி சோதனையிலேருந்து வந்ததுதான்.

இடுக்குன்னா இன்னும் மோசம். கெல்வின்ங்கற இயற்பியல் விஞ்ஞானி 1871ல சொன்ன கணக்குப்படி ரொம்ப நுணுக்கமான பள்ளத்துல நீராவி 100 சதவீதம் வர்ற வரைக்கும் காத்திருக்காது, 90 சதவீதத்துலயே சுமார் 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையை ரொப்பிடும். தூசி உக்காந்த இடம், பழைய துருவோட நுண்துளை, ரெண்டு ஷாஃப்ட் ஒண்ணோட ஒண்ணு உரசி நிக்கற கோடு, கவர் பீஸோட ஒட்டிப் போன மடிப்பு, எல்லாத்துலயும் இந்தப் பாச்சா பலிக்கும். கவர் ஒட்டின இடத்துல கோடு கோடா துரு இருந்தா ஆச்சரியப்படாதீங்க.

ஏர் அடிக்கறதைப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. 7 பார் அழுத்தத்துல வர்ற ஏர்னா வெளிக்காத்து எட்டு பங்கை ஒரு பங்கா அமுக்கினது, எட்டு பங்கோட ஈரமும் அதுக்குள்ள வந்துடுது, ஈரத்தை எடுக்கற ட்ரையர் இல்லாத லைன்னா பீஸ் மேல மூடுபனிதான் அடிக்கறீங்க. ஒரு கண்ணாடித் துண்டை நாசில் முன்னாடி அரை நிமிஷம் காட்டிப் பாருங்க, தெரிஞ்சுடும்.

பாலித்தீன் கவர் மேல எல்லாருக்கும் ஒரு குருட்டு நம்பிக்கை. தண்ணியைத் தடுக்கும், சரி, நீராவியைத் தடுக்காது, மெதுவா உள்ள விட்டுக்கிட்டே இருக்கும். சாதாரண கவர்னா ஈரமான சூட்டுல ஒரு சதுர மீட்டர் வழியா ஒரு நாளைக்கு சில கிராம் போகும். உங்க பெட்டியில காலி இடம் 100 லிட்டர்னு வைங்க, உள்ள 30 டிகிரி 70 சதவீதக் காத்து மாட்டிக்கிச்சுன்னு வைங்க, ராத்திரி 22 டிகிரிக்கு இறங்கினா 0.2 கிராம் தண்ணி வெளிய வரும். நாலு சொட்டு. அதை ஒரு சதுர மீட்டர் ஸ்டீல் மேல சமமா பரப்பினா கண்ணுக்குத் தெரியாது, ஆனா நூத்துக்கணக்கான மூலக்கூறு தடிமன், துருவுக்கு தாராளம். காலையில சூடானதும் அது மறுபடி ஆவியாகிடும், அதனால நீங்க திறந்து பாக்கறப்ப "ஒரு சொட்டு தண்ணி இல்ல". ஏசி ரூம்ல பேக் பண்ணா பத்து நாளைக்கு கவர் தாக்குப்பிடிக்கலாம், ரெண்டு மூணு மாசம் ஸ்டாக்ல இருக்கும்னா அலுமினியம் ஃபாயில் ஒட்டின லேமினேட் கவருக்கு மாறிடுங்க.

மரப்பெட்டி. மரம் தன் ஈரத்தை விடறது ஒரு பக்கம், அசிட்டிக் ஆசிட் ஆவியும் விடும், கொஞ்சம் ஃபார்மிக் ஆசிடும். ஓக், செஸ்ட்நட் மாதிரி மரம்தான் இதுல பேர் போனது, ஈரமும் சூடும் சேர்ந்தா எந்த மரமும் கொஞ்சம் விடும். ஈயம், ஜிங்க், கேட்மியம் பூசின பார்ட்ஸ் முதல்ல அடி வாங்கும், ஸ்டீலும் தப்பிக்காது. பெட்டி மாத்த முடியலன்னா பீஸுக்கும் மரத்துக்கும் நடுவுல ஃபாயில் லேமினேட் கட்டாயம் வரணும், வெறும் பாலித்தீன் பத்தாது.

இப்ப கஸ்டமர் கண்டிஷனுக்கு வருவோம். ஆயில் வேண்டாம்னா விசிஐ (ஆவியா பரவி துருவைத் தடுக்கற கெமிக்கல்) பேப்பரோ விசிஐ கவரோ போடுங்க. இதுல இருக்கற கெமிக்கல், பெரும்பாலும் அமைன் வகை உப்பு, கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி கவர் பூரா பரவி மெட்டல் மேல போய் மெல்லிசா படியும், அங்க இருக்கற ஈர அடுக்கோட கலந்து துருப் பிடிக்கற வேலையைக் கெடுக்கும். இவ்வளவு நேரம் எதிரியா இருந்த ஆவிதான் இங்க நமக்கு வேலை செய்யுது, எண்ணெய் புகாத மூலைக்கும் அது புகும். ஆனா பேப்பர் பீஸ்லேருந்து ஒரு அடிக்குள்ள இருக்கணும், கவர் நல்லா மூடியிருக்கணும், திறந்த பெட்டியில போட்டா காசு காத்தோட போயிடும். பித்தளை, செம்பு, ஜிங்க் பூச்சு கலந்த அசெம்ப்ளின்னா இரும்புக்கு மட்டும்னு போட்ட விசிஐ அதுங்களைக் கறுக்க வெச்சுடலாம், வாங்கறப்பவே எந்தெந்த மெட்டலுக்குன்னு கேளுங்க. க்ளவுஸ் போட்டுத்தான் கையாளணும். முக்கியமா, உப்பு ரேகை இருக்கற பீஸ் மேல விசிஐ போட்டா அது தோத்துப் போகும், அதுக்காக விசிஐ டூப்ளிகேட்டுன்னு சப்ளையரைத் திட்டாதீங்க.

சிலிகா ஜெல்லும் நல்லதுதான், ஒரு கிராமுக்குள்ள பல நூறு சதுர மீட்டர் பரப்பு ஒளிஞ்சிருக்கு, நீராவி போய் அங்க ஒட்டிக்கும். ஆனா ஓட்டைக் கவர்ல ஊரு ஈரத்தையெல்லாம் இழுத்து ரெண்டு நாள்ல ரொம்பிடும். விசிஐயும் ஜெல்லும் ஒரே கவர்ல போடறவங்க இருக்காங்க, நான் ஏதாவது ஒண்ணுதான் போடச் சொல்லுவேன், ஜெல் அந்த ஆவியையும் கொஞ்சம் குடிச்சிடும்.

அப்ப வரிசையை இப்படி மாத்துங்க: கிரைண்டிங் முடிஞ்சதும் துரு தடுப்பு கலந்த தண்ணி வாஷ்ல கூலண்டையும் (கிரைண்ட் பண்றப்ப சூடு தணிய ஊத்தற திரவம்) உப்பையும் கழுவி, சூடான காத்துல முழுசா உலர்த்தி, அதுக்கப்புறம் வெறுங்கை படவே கூடாது, நைட்ரைல் க்ளவுஸ்தான், பருத்தி க்ளவுஸ் வேர்வையை ஊறவிட்டு வேலையைக் கெடுக்கும். உலர்ந்த பீஸ் ஏசி ரூமுக்குப் போய் அங்கயே செட்டில் ஆகி அளவு பாத்து அங்கயே விசிஐ கவர்ல ஒட்டணும், தின்னரும் ஏர் கன்னும் அந்த ரூமுக்குள்ள வரவே வேண்டாம்.

ஒரேயடியா எல்லாத்தையும் மாத்த உங்க பார்ட்னர் ஒத்துக்க மாட்டார்னா எட்டு பீஸ் எடுத்துக்கங்க. ரெண்டு பழைய முறையில, ரெண்டு ஏசி ரூம்லயே பேக் பண்ணது, ரெண்டு கழுவி க்ளவுஸோட தொட்டு வெளிய பேக் பண்ணது, ரெண்டு எல்லாம் சேர்த்து. ஒவ்வொண்ணுலயும் ஒரு பீஸ்ல வேணும்னே கட்டை விரலை நல்லா அழுத்தி வைங்க, எங்க வெச்சீங்கன்னு கவர் மேல மார்க்கர்ல வட்டம் போடுங்க, பத்து நாள் கழிச்சு லென்ஸோட உக்காருங்க. விரல் வெச்ச இடத்துல மட்டும் துருன்னா கையும் கழுவறதும்தான் பிரச்சனை, வட்டத்துக்கு வெளியயும் பரவலா மங்கி இருந்தா குளிர்ந்த பீஸை வெளிய எடுத்ததுதான், மரத்தை ஒட்டின பக்கம் மட்டும் அடி வாங்கியிருந்தா பெட்டியை மாத்துங்க.