மோட்டார் ஹோம் டயர்களை எப்போது மாற்றுவது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மோட்டார் ஹோமின் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பயண வண்டியின்) டயர்களுக்கு எட்டு வயதாகிறது. பட்டன் (சாலையில் படும் மேடுபள்ளப் பகுதி) பாதிகூடத் தேயவில்லை, வெளியே விரிசலும் இல்லை. இவற்றை மாற்றுவது வீண் செலவு அல்லவா?

பதில்: வீண் செலவு அன்று. நாள்தோறும் ஓடும் காரின் டயர் தேய்ந்து முடிகிறது. ஆண்டின் பெரும்பகுதி நின்றே இருக்கும் மோட்டார் ஹோமின் டயரோ தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடுகிறது. டயருக்குள் அடைபட்ட காற்றிலுள்ள ஆக்சிஜன் உட்புற ரப்பர் அடுக்கின் வழியே சிறுகச் சிறுக ஊடுருவி, பட்டனுக்கு அடியில் உள்ள எஃகுப் பட்டைகளைப் பிணைத்து வைத்திருக்கும் ரப்பரை இறுகச் செய்கிறது. நெகிழ்வை இழந்த அந்த ரப்பரில், பட்டைகளின் ஓரங்களிலிருந்து நுண்ணிய பிளவுகள் தொடங்குகின்றன. பிறகு ஒரு கோடை நாளில் முழுச் சுமையோடு நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது பட்டன் பகுதி அப்படியே உரிந்து, சக்கரத்திற்கு மேலே உள்ள தளத்தையும் வயர்களையும் குழாய்களையும் கிழித்துவிடக்கூடும். இந்தச் சிதைவு உள்ளே நடப்பதால், வெளியே விரிசல் இல்லை என்பதை நலத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது.

மிஷெலின் உள்ளிட்ட டயர் நிறுவனங்கள், ஐந்து ஆண்டுகள் கடந்த டயர்களை ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்த பணியாளரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்றும், தயாரித்து பத்து ஆண்டுகள் ஆனவற்றைப் பட்டன் எவ்வளவு எஞ்சியிருந்தாலும் நீக்கிவிட வேண்டும் என்றும் கூறுகின்றன. அந்தப் பத்து ஆண்டு என்பது வெளி எல்லை மட்டுமே. அதுவரை கட்டாயம் ஓட்டலாம் என்ற உறுதிமொழியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மோட்டார் ஹோம் சுமக்கும் எடையைக் கருதி, ஏழாம் ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். வண்டியின் கையேடு இன்னும் குறைந்த காலத்தைக் குறித்திருந்தால் அதுவே செல்லும். உங்கள் டயர்களை அடுத்த நெடும்பயணத்திற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டயரின் வயதை எங்கே பார்ப்பது? பக்கச்சுவரில் தேதி எதுவும் காணவில்லையே?

பதில்: பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பல டயர்களில் இந்த முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் வண்டியின் உட்புறம் நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தால், விளக்கோடு கீழே குனிந்துதான் படிக்க வேண்டும். புதிய டயர் வாங்கும்போதும் பொருத்துவதற்கு முன் இந்த எண்ணைப் படித்துவிடுங்கள். கிடங்கில் ஈராண்டு கிடந்த டயருக்கும் அந்த ஈராண்டு வயது உண்டு.

கேள்வி: பக்கச்சுவரில் மயிரிழை போன்ற கோடுகள் தெரிகின்றன. டயர் பாலிஷ் பூசினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. காற்றிலுள்ள ஓசோனும் சூரியனின் புற ஊதாக் கதிர்களும் ரப்பரைத் தாக்குவதால் வருபவை இந்தக் கோடுகள். இவற்றைத் தடுப்பதற்காகவே ரப்பரோடு மெழுகும் வேதிக் காப்புப் பொருட்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காக்கின்றன; மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த இயக்கம் இல்லாததால் காப்பு மெலிந்துவிடுகிறது. பெட்ரோலியம் கலந்த பாலிஷ் அந்தக் காப்பையும் கரைத்துவிடும் என்பதால், இதமான சோப்பு நீரே போதும். மேலோட்டமான கோடுகளைக் கண்காணித்து வரலாம். ஆனால் விரிசல் ஆழமாகத் திறந்திருந்தாலும், உள்ளிருக்கும் நூல் அல்லது கம்பி தெரிந்தாலும், எங்கேனும் புடைப்பு இருந்தாலும், வயதைப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் வெயில் படாதபடி சக்கரங்களுக்கு உறை போடுவது நல்ல பழக்கம்.

கேள்வி: ஆறு டயர்களையும் ஒரே நேரத்தில் மாற்ற வசதியில்லை. எவற்றை முதலில் மாற்றலாம்?

பதில்: முன் அச்சின் இரண்டையும். பின்புறம் இரட்டைச் சக்கரங்களில் ஒன்று பழுதானால் அதன் இணை சிறிது நேரமாவது தாங்கும். முன்னால் ஒன்று வெடித்தால் ஸ்டீயரிங்கே கைவிட்டுப் போகக்கூடும். பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் லாரிகள், பேருந்துகள் ஆகியவற்றின் முன் அச்சில் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்களைப் பயன்படுத்தத் தடை உள்ளது. முன் அச்சைத் தனியே குறிப்பிட்டதன் காரணமும் இதுவே. பின்புற இணைகளை மாற்றும்போது இணையின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதியதாகவும் மற்றொன்று தேய்ந்ததாகவும் இருந்தால் விட்டம் வேறுபட்டு, பெரியது தன் பங்கிற்கு மேல் சுமக்கும். உட்புறச் சக்கரத்தின் காற்றை யாரும் எளிதில் பார்ப்பதில்லை என்பதும் கவலைக்குரியது. உரிய அழுத்தத்திற்கு 20 விழுக்காடு குறைவாக ஓடிய டயரை, காற்று நிரப்பி அப்படியே ஓட்டாமல், ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: காற்றழுத்தம் டயரின் ஆயுளைப் பாதிக்குமா?

பதில்: மிகவும். குறைந்த காற்றில் பக்கச்சுவர் அதிகம் வளைந்து சூடேறுகிறது. சூடு மூப்பை விரைவுபடுத்துகிறது. தண்ணீர், எரிபொருள், பொருட்கள், பயணிகள் அனைத்தோடும் வண்டியை எடைமேடையில் ஏற்றி, இயன்றால் ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் தனித்தனியே அறிந்து, எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று காட்டும் டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணைப்படி காற்றடிக்க வேண்டும். ஓரிரு நாள் பயணத்திற்கென ஏற்றிய சுமையை வைத்து ஒரு மாதப் பயணத்திற்குக் கணக்கிடாதீர்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே அளவிடுங்கள். ஓடிச் சூடேறியபின் கூடியிருக்கும் அழுத்தத்தை இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்டெப்னி ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. பதினோரு ஆண்டுகளாகின்றன. அதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஆம். ஓடாத டயருக்கும் வயது ஏறுகிறது. வண்டிக்கு அடியில் தொங்குவது வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கியபடியே இருக்கிறது. மாற்றும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். உயர் அழுத்தத்திற்கு உலோக வால்வே ஏற்றது.