உடைத்துப் போட்ட கழிவறை: கூடுதல் பணம் கேட்கும் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் பழைய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை மறுவிற்பனையில் வாங்கினோம். இரண்டு கழிவறைகளையும் உடைத்துப் புதிதாகச் செய்து தர ஒரு கான்ட்ராக்டர் 11,800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கொட்டேஷன் கொடுத்தார். பாதிப் பணத்தை முன்பணமாகவும், ஹேக்கிங் (பழைய டைல்ஸை உடைக்கும் வேலை) நடந்த அன்று இன்னொரு 30 விழுக்காட்டையும் பேநவ் மூலம் அவருடைய கைப்பேசி எண்ணுக்கே அனுப்பினோம். மொத்தம் 9,440 வெள்ளி. பொதுக் கழிவறையின் டைல்ஸை உடைத்துப் போட்டதோடு வேலை நின்றுவிட்டது. படுக்கையறைக் கழிவறையை இன்னும் தொடவில்லை. இப்போது வாட்டர்புரூஃபிங்குக்கு (நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு) 2,200, பழைய குழாய்களை மாற்ற 1,600, கழிவு அகற்ற 900 என்று 4,700 வெள்ளி, அதற்கு மேல் ஜிஎஸ்டி தனி என்று கேட்கிறார். கொடுத்தால்தான் ஆட்கள் வருவார்களாம். சுவருக்குள் துருப்பிடித்த குழாயைக் காட்டியபோது என் கணவர், "சரி, பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். மாமியார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். என்ன செய்வது? – வாசகி, ஈசூன்

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டு காரியங்களை மட்டும் இன்று செய்யாதீர்கள். பயத்தில் 4,700 வெள்ளியை அனுப்பிவிடாதீர்கள். கோபத்தில், "இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே" என்று அவருக்குச் செய்தியும் அனுப்பாதீர்கள். முதலாவது உங்கள் பணத்தைக் கரைக்கும். இரண்டாவது, ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள்தான் என்று அவர் வாதிட வழி கொடுக்கும். அவர் கேட்கும் தொகையில் எது உண்மையிலேயே புதிய வேலை, எது ஏற்கெனவே 11,800 வெள்ளிக்குள் அடங்கியது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கொட்டேஷனைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். "பழைய டைல்ஸை உடைத்துப் புதிய டைல்ஸ் பதித்தல்" என்று மட்டும் எழுதி, வாட்டர்புரூஃபிங் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அது விடுபட்டுப்போனது என்று அவர் சொல்வார். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வீவக வீட்டில் கழிவறைத் தரையை உடைத்து மாற்றினால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைப் புதிதாகப் போட்டே ஆகவேண்டும் என்பது கழகத்தின் விதி. வீவக வீடுகளில் புதுப்பிப்பு வேலை செய்ய வீவகவின் பட்டியலில் உள்ள கான்ட்ராக்டர்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே தரை வேலைக்கு விலை சொன்னவர், அந்த வேலையைச் சட்டப்படி செய்து முடிக்கத் தேவையானதையும் சேர்த்தே விலை சொன்னார் என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. கழிவு அகற்றும் 900 வெள்ளியும் ஏறக்குறைய இப்படித்தான். உடைத்ததை அள்ளிப் போவது உடைக்கும் வேலையின் பகுதி. "கழிவு அகற்றும் செலவு சேர்க்கப்படவில்லை" என்று கொட்டேஷனில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

குழாய் விஷயம் வேறு. சுவரை உடைத்த பிறகே தெரியவந்த துரு என்றால் அது உண்மையான கூடுதல் வேலையாக இருக்கக்கூடும். பல கொட்டேஷன்களின் கடைசிப் பக்கத்தில், மறைவான குறைகள் தெரியவந்தால் தனிக் கட்டணம் என்று சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அது உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், அவர் சொல்லும் எந்த விலையையும் கொடுக்க வேண்டும் என்று அதற்குப் பொதுவாகப் பொருளில்லை. குழாய் வேலையைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட வேறொரு பிளம்பரை அழைத்து, சுவர் திறந்திருக்கும்போதே பார்க்கச் சொல்லி, மாற்றுவது தேவையா, நியாயமான விலை என்ன என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதற்கு ஆகும் பார்வைக் கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். பின்னால் உங்களுக்கு இதைவிடப் பயன்படும் ஆவணம் இருக்காது.

உங்கள் கணவர் சொன்ன சொல் என்ன ஆகும் என்ற கவலை கடிதத்தில் தெரிகிறது. அவரைக் குறை சொல்ல வேண்டாம். வீட்டில் நின்று துருப்பிடித்த குழாயைக் காட்டினால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சட்டப்படி, அப்போது விலை பேசப்பட்டதா என்பதுதான் கேள்வி. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் நியாயமற்ற வர்த்தக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. முன்பு சொன்ன மதிப்பீட்டைவிடக் கணிசமாக அதிகமான விலையை வாங்குவது அவற்றில் ஒன்று. வேலைக்கு முன்பே அந்த அதிக விலைக்கு வாடிக்கையாளர் வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் மட்டும் விலக்கு. தொகை சொல்லாத இடத்தில் சொன்ன "சரி" அப்படிப்பட்ட சம்மதம் ஆகாது. ஆனால் குழாயை மாற்றச் சொன்னார் என்பதற்கு அது சாட்சியாகலாம். அதனால், குழாய் வேலை நடந்திருந்தால் அதற்கு நியாயமான விலை கொடுக்க வேண்டியிருக்கும். வாட்டர்புரூஃபிங்குக்கும் கழிவுக்கும் அந்தச் சொல் நீளாது. தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வதும் இதே சட்டத்தின்படி நியாயமற்ற நடைமுறைதான். பிளம்பரின் அறிக்கை அதற்கும் உதவும்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்யாத நிறுவனம் 9 விழுக்காடு வரி வசூலிக்கவே கூடாது. பதிவு செய்த நிறுவனம் பொதுமக்களிடம் விலை சொல்லும்போது, வாயால் சொன்னாலும் எழுத்தில் சொன்னாலும், வரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையப்பக்கத்தில் பதிவைச் சரிபார்க்கலாம். நிறுவனப் பதிவுகளைக் கவனிக்கும் அக்ரா ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில், கொட்டேஷனில் உள்ள பதிவு எண்ணைப் போட்டு, அந்த நிறுவனம் இன்னும் இயங்குகிறதா, தனிநபர் வர்த்தகமா, பிரைவேட் லிமிடெட்டா என்றும் பாருங்கள். தனிநபர் வர்த்தகம் என்றால் உரிமையாளரே கடனுக்குப் பொறுப்பு. பணம் அவருடைய சொந்த எண்ணுக்குப் போயிருப்பதால், ஒவ்வொரு பேநவ் பதிவையும் அதற்கு முன்பின் வந்த வாட்ஸ்அப் செய்திகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒப்பந்தத்துக்காக அனுப்பிய பணம் என்பதை அவைதான் காட்டும்.

இனி அவருக்கு எழுத வேண்டியது. ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், பிறமொழி ஆவணம் என்றால் பின்னால் நடுவர் மன்றத்தில் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்புங்கள். கொட்டேஷன் தேதி, தொகை, கட்டிய 9,440 வெள்ளி, வேலை நின்ற நாள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வாட்டர்புரூஃபிங்கும் கழிவு அகற்றலும் ஒப்பந்த விலைக்குள் அடங்கியவை என்பது உங்கள் நிலைப்பாடு என்று எழுதுங்கள். குழாய் வேலைக்கு, பிளம்பரின் மதிப்பீட்டை ஒட்டி நியாயமான விலை பேசத் தயார் என்றும் சேருங்கள். இந்த ஒரு வரி உங்களை நியாயமானவராகக் காட்டும். விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போனால் அங்கே அது மிகவும் எடுபடும். ஏழு நாள் போல ஒரு தேதி கொடுத்து, அதற்குள் வேலையைத் தொடராவிட்டால் அவர் ஒப்பந்தத்தை நிறைவேற்ற மறுத்ததாகக் கருதி அதை முடித்துக்கொண்டு, கூடுதல் செலவைக் கோருவீர்கள் என்று முடியுங்கள்.

சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007ல் ஆர்டிசி கான்கிரீட் வழக்கில், பாதிக்கப்பட்டவர் எந்தெந்தச் சூழ்நிலைகளில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதை வகுத்துச் சொன்னது. எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாட்டேன் என்று தெளிவாகக் காட்டுவது அவற்றில் ஒன்று. தனக்குச் சேராத பணத்தைக் கொடுத்தால்தான் வேலை என்பது அந்த வகையில் வரக்கூடும். தேதி கடந்தும் அவர் வராவிட்டால், "ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது" என்று இரண்டாவது செய்தியை அனுப்புங்கள். பேசாமல் இருந்துவிட்டு வேறு ஆளைக் கூட்டி வருவது நல்லதல்ல.

எவ்வளவு திரும்பக் கேட்கலாம்? பலர் கட்டிய பணம் முழுவதையும் கேட்கிறார்கள். கணக்கு அப்படி வராது. அவர் வாக்குறுதியைக் காப்பாற்றியிருந்தால் நீங்கள் இருந்திருக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோவதுதான் நட்ட ஈட்டின் நோக்கம். மீதி வேலை முழுவதையும் முடிக்கப் புதியவர் 10,500 வெள்ளி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே கட்டிய 9,440ஐச் சேர்த்தால் 19,940. ஒப்பந்தப்படி எப்படியும் நீங்கள் 11,800 செலவழித்திருப்பீர்கள். வித்தியாசம் 8,140. அந்த 10,500ல் உண்மையிலேயே தேவைப்பட்ட குழாய் வேலைக்கு 900 இருந்தால் அதையும் கழித்து 7,240 வெள்ளி கேட்கலாம். புதிய டைல்ஸுக்கு விலையுயர்ந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தச் செலவையும் இவர் தலையில் கட்ட முடியாது. அதே தரத்துக்கு, வீவக பட்டியலில் உள்ள இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகைக்குச் சரியான இடம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. கோரிக்கைக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேல் 10,000 வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் பதிவுக் கட்டணம் 20 வெள்ளிதான். சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளத்தை வைத்து இணையத்திலேயே பதிவு செய்யலாம். அங்கேயே எதிர்த்தரப்போடு சமரசம் பேசவும் வசதி உண்டு. வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது. கான்ட்ராக்டரும் வழக்கறிஞரோடு வர முடியாது என்பதை நினைத்துத் தைரியமாகப் போங்கள். தமிழில் பேசினால்தான் தெளிவாகச் சொல்ல முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கு முன், கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தின் சமரசத்தையும் முயலலாம், ஆனால் அங்கே வரும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

வீவகவிடம் புகார் செய்தால் பணம் திரும்புமா என்று பலர் கேட்பதுண்டு. பணத் தகராறில் கழகம் தலையிடுவதில்லை. அது உங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். ஆனால் அவர் பட்டியலில் இல்லாதவர் என்றாலோ, அனுமதி வாங்காமல் உடைத்தார் என்றாலோ உடனே கிளை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அந்த விதிமீறலுக்கு வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

அவர் "கட்டுமானச் சட்டப்படி பேமென்ட் கிளெய்ம் போடுவேன், நீ கட்டித்தான் ஆகவேண்டும்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். கட்டுமானத் தொழிலில் பணம் பெறுவதற்கான அந்தத் தனிச்சட்டம், கட்டடக் கட்டுப்பாட்டு ஆணையரின் ஒப்புதல் தேவைப்படாத குடியிருப்பு வேலைகளுக்குப் பொருந்தாது. சாதாரணக் கழிவறைப் புதுப்பிப்பு அந்த விலக்குக்குள் வரும்.

மாமியாருக்காக ஒன்று சொல்ல வேண்டும். படுக்கையறைக் கழிவறை முழுதாக இருக்கிறதே, அதை இந்தத் தகராறு முடியும்வரை யாரையும் தொட விடாதீர்கள். உடைத்துப் போட்ட பொதுக் கழிவறையில் குளிக்கவோ துணி அலசவோ வேண்டாம். பூச்சு இல்லாத தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்கு நீர் இறங்கினால் உங்களுக்கு இரண்டாவது தகராறு வந்து சேரும். அவசரத்தில் ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், குழாய் வேலைக்கு மட்டும் கொடுங்கள். வேலை நிற்காமல் இருக்க ஆட்சேபத்தோடு கொடுக்கிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று பணம் அனுப்பும் முன்பே எழுதுங்கள். மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் அன்று எழுத்தில் ஆட்சேபிக்காதவருக்கு அது மிகக் கடினம்.

புதியவர் கை வைப்பதற்கு முன் தரை, சுவர், குழாய் எல்லாவற்றையும் தேதியோடு காணொளி எடுங்கள். அனுமதியைப் புதியவர் பெயரில் பெறுவது பற்றி வீவக கிளையில் பேசிவிடுங்கள். அவருக்கு முன்பணம் குறைவாகவும், மீதி வேலை நடந்த அளவுக்கும் இருக்கட்டும். வாட்டர்புரூஃபிங் முடிந்து நீர் தேக்கிச் சோதித்த பிறகு ஒரு தவணை, டைல்ஸ் முடிந்ததும் ஒன்று, எல்லாம் முடிந்து ஓட்டை ஒழுகல் பார்த்த பிறகு கடைசித் தவணை என்று எழுதி வாங்குங்கள். கூடுதல் வேலை எதுவாக இருந்தாலும், விலையை எழுதி நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். கடிதம் எழுதுவதில் தயக்கம் இருந்தால், சமூக மன்றங்களில் நடக்கும் இலவச சட்ட ஆலோசனைக்குக் கொட்டேஷனையும் வாட்ஸ்அப் பதிவுகளையும் அச்செடுத்துக்கொண்டு உங்கள் கணவரோடு போங்கள். அந்தக் குழாயைப் பார்த்ததும் பேசியதும் அவர்தான் என்பதால் அவரும் வருவது முக்கியம்.